அம்மாவுக்கு அனுப்பிய சாம்பார் படம்

கேள்வி: ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறேன். அப்பா தேனிப் பக்கம் கொத்தனார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கித்தான் என்னை அனுப்பினார். வார நாட்களில் படிப்பு, பார்ட் டைம் வேலை. சனி, ஞாயிறு நண்பர்களோடு பிராக், லைப்சிக், பெர்லின் என்று கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் என் சம்பளக் காசுதான். வீட்டில் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா "என்னப்பா சமைச்சே?" என்று கேட்பார். அதற்காக வெள்ளிக்கிழமை ராத்திரியே சாம்பார் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஞாயிறன்று அனுப்பிவிடுவேன். மார்க் நன்றாகவே வருகிறது. ஆனாலும் மனசு உறுத்துகிறது. ஊர் சுற்றுவதை நிறுத்திவிடட்டுமா அம்மா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஊர் சுற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிற போக்கில் ஒரு சாம்பார் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

வீட்டில் சொல்லாமல் ஊர் சுற்றும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். நீ வாரா வாரம் அடுப்பைப் பற்றவைத்து, தாளித்து, தட்டில் ஊற்றி, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்து, பெற்ற தாயை நம்பவைக்க மெனக்கெடுகிறாய். அந்தப் படம் அம்மாவின் போனோடு நின்றுவிடும் என்றா நினைக்கிறாய்? பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டி, "வெந்நீர் வைக்கத் தெரியாம போன பிள்ளை, பருப்பை எவ்வளவு பதமா வேகவெச்சிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஊரார் முன்னால் அவரைப் பொய் சொல்ல வைக்கிறாய். அவருக்கே தெரியாமல்!

பிராக்கில் ஒரு சனிக்கிழமை ராத்திரி உனக்கு ஒன்று ஆகிவிட்டது என்று வை. அது செக் குடியரசு, வேறு நாடு. பாஸ்போர்ட் தொலைந்தால் அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்குத்தான் ஓட வேண்டும். திரும்பி வருகிற வழியில் எல்லைச் சோதனை இருக்கிறது; 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயில்களில் ஏறிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் உன் வீட்டார் எந்த ஊரில் உன்னைத் தேடுவார்கள்? பிள்ளை அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அவர்கள் கையில் படமே இருக்கிறதே!

"பெரும்பாலும்" என் சம்பளக் காசு என்கிறாய். மீதி யாருடையது? நீ போகும்போது பிளாக்டு அக்கவுன்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, மாசா மாசம் கொஞ்சமாக எடுக்கிற கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ கட்டியிருப்பீர்கள். ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அதிலிருந்துதான் மாசம் 992 யூரோ உன் கைக்கு வருகிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டத் தேவையில்லை என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் வட்டி, கடன் கொடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. வளர்ந்த பிள்ளை, அவன் போக வர இருப்பது அவன் சொந்த விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. கடன் பத்திரத்தில் உன் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். தன் வீட்டை ஈடு வைத்தவருக்கு உன் வரவு செலவு தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அப்பாவிடம் பேசக் காசுக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நீ முடிவு கட்டியிருக்கிறாயே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவர் கொத்தனார். நீ இருக்கும் ஊரில் ஃப்ராவன்கிர்ஷே தேவாலயம் இருக்கிறது. 1945 பிப்ரவரியில் குண்டு வீச்சில் எரிந்து, இடிந்து விழுந்து, பல பத்தாண்டுகள் வெறும் கல் குவியலாகக் கிடந்தது. 1994-ல் தொடங்கி 2005-ல் கட்டி முடித்தார்கள். குவியலில் தேறிய பழைய கற்களைப் பொறுக்கி எடுத்துப் புதுச் சுவரில் சேர்த்திருக்கிறார்கள். வெளிர் மஞ்சள் கல்லுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகத் தெரியும். ஊருக்கு வெளியே பாஸ்டை என்ற பாறைக் குன்றில் 1851-ல் கட்டிய கல் பாலம் பாறைகளுக்கு இடையே நிற்கிறது. இதையெல்லாம் உன்னைவிட நிதானமாகப் பார்க்கத் தெரிந்த ஆள் உன் வீட்டிலேயே இருக்கிறார். கல்லைக் கல்லோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், பூச்சு உண்டா, சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அவர் கேட்கிற கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்காது. உன்னை வெளிநாடு அனுப்பியவருக்கு அந்த நாட்டில் ஒரு சுவரைக்கூட நீ காட்டவில்லை.

வருத்தப்படுவார்களா? படட்டும். இரண்டு நாள் அப்பா பேசாமல் இருப்பார், அம்மா அழுவார். பொய்யை இத்தனை மாசம் வளர்த்தது நீ, அதைத் தாங்கத்தான் வேண்டும்.

மெசேஜில் எழுதாதே. போன் போட்டு முதலில் அப்பாவிடம் சொல், எங்கெங்கே போனாய், எவ்வளவு செலவாயிற்று என்று. சாம்பார் விஷயத்தை அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும், அப்பா வழியாகப் போகக்கூடாது. செமஸ்டர் கட்டணத்தோடு டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்கச் சாதாரண ரயில், பஸ்ஸில் போகிற பாஸ், சேர்ந்திருந்தால் லைப்சிக், பாஸ்டை எல்லாம் சாதாரண ரயிலில் தனிச் செலவில்லாமல் போய் வரலாம்; அதையும் சொல், பாதிக் கவலை தீரும். பிராக் போகிற மாசம் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு அனுப்பு. அவர் வேண்டாம் என்றால் அந்த மாசம் போகாதே.

போனால், போன இடத்திலிருந்தே வீடியோ கால் போடு. அங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால், அங்கே கோடையாக இருக்கும்போது இங்கே ராத்திரி எட்டரை, குளிர்காலமாக இருக்கும்போது ஒன்பதரை. அவர்கள் படுப்பதற்குள் கூப்பிடு.