பல்லடைப்பும் பேனாப் புள்ளிகளும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் இங்கே சுங்கை சிப்புட்டில் கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்துக்கொண்டேன். மருத்துவர் பசையைத் துளித்துளியாக வைப்பதும் நீல விளக்கைக் காட்டுவதுமாக நான்கு முறை செய்தார். கேட்டால், மொத்தமாக வைத்தால் சுருங்கிப் பிளந்துவிடுமாம். இத்தனூண்டு குழிக்குள் சுருங்குவதை யார், எதை வைத்து அளந்தார்கள்? என் பல்லிலேயே பார்க்க முடியுமா?

ஆர். எம்., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள ஆர். எம்.,

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். லயத்து வாசலில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பேனாவால் புள்ளி குத்தி இழுத்து விளையாடுவோம். எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே புள்ளிகள் விலகும். டியூபில் ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் இன்னும் மோசம்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பிடுங்கிய பல்லை நெடுக்காக அறுத்து, குழியும் அடைப்பும் தெரியும் முகத்தில் வெள்ளை பெயின்ட் அடித்து, அதன்மேல் கறுப்பைத் தூறலாகத் தெளிப்பார்கள். பசையை இறுக வைக்கும் நீல விளக்கு எரியும்போது கேமரா விடாமல் படமெடுக்கும். எந்தப் புள்ளிக் கூட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினி தேடிச் சொல்லும். 1980களில் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. உலோகப் பட்டை மாதிரியான மானியை ஒட்டியும் அளக்கலாம்தான். ஆனால் அது ஒட்டிய இடத்தின் சராசரியை மட்டுமே சொல்லும், இளகிய பசையில் ஒட்டவும் ஒட்டாது.

சரி, எவ்வளவு சுருங்கும்? பல்லடைக்கும் இந்தப் பசைகள் கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்குவது சாதாரணம். நீளத்தில் அதில் மூன்றிலொரு பங்கு என்று வைத்தால், 4 மில்லிமீட்டர் அடைப்பில் 30, 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்குதான் ஒரு மைக்ரான்). தலைமுடியின் பாதித் தடிமன்! ஒட்டு விட்டுப்போனால், ஒரு மைக்ரான் கிருமிக்கு அது வாசற்கதவு.

இப்படிச் சுருங்கும்போது பொருளுக்குள் உண்டாகிற இழுவிசையைக் கண்ணாலேயே பார்க்க ஆசையா? போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எரியும் எல்சிடி திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்துத் தலையைச் சாயுங்கள். ஸ்கேலுக்குள் இழுவிசை இருக்கும் இடத்தில் வானவில் பட்டைகள் தெரியும். பிசின் வார்ப்பில் பல், தாடை மாதிரி செய்து, கடிக்கும் பாரம் எங்கே சேர்கிறது என்று பார்த்ததும் இந்த வித்தையால்தான்.

உங்கள் வாய்க்குள் மட்டும் முடியாது. எச்சில் ஊறும், தலை ஆடும், பெயின்ட் அடிக்க நீங்களும் விடமாட்டீர்கள். அப்புறம், மருத்துவர் நேரத்தைக் கடத்தவில்லை. அடுக்காக வைத்தால் இழுவிசை குறையுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஆனால் வழக்கமான பசையில் நீல ஒளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே சரியாக இறங்காது, அடியில் வேகாமல் கிடக்கும். அதற்காகவாவது நான்கு முறை வாயைத் திறந்திருக்கத்தான் வேண்டும்.