அம்மாவின் அடுப்பு என்ன அடுப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 87 வயது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பல வருடமாக இருமல். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளே கறுப்புத் திட்டுகள் இருந்தனவாம். சதை எடுத்து அனுப்பியதில் புற்றணு இல்லை என்று வந்தது. ஆனால் சதைப் பரிசோதனையும் தவறலாம் என்று இணையத்தில் படித்தேன். இரண்டு வாரமாக, கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷினை 5-ல் வைத்து ராத்திரி முழுக்கக் கொடுக்கிறோம். விரலில் மாட்டினால் 97, 98 காட்டுகிறது. தூக்கம் வராமல் புரண்டதால் எனக்குக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையில் பாதி தருகிறேன். இழுப்பு அதிகமானால் மருந்துக்கடையில் செட் மாத்திரை. கூன், காது இரைச்சல், கால் வீக்கம், பெயர் மறதி எல்லாம் உண்டு. இப்போது பகலிலும் தூங்கி வழிகிறார். எழுந்ததும் தலைவலி என்கிறார். வயசாகிவிட்டதே என்று விட்டுவிட்டோம். புற்றுநோயைத் தவறவிட்டுவிட்டோமா டாக்டர்?

பதில்: போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, பகல் தூக்கமும் காலைத் தலைவலியும், அதைப் படித்துத்தான் நான் பதறினேன். அது வயசு செய்யும் வேலை இல்லை. உடம்பில் கரியமில வாயு தேங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டிய அடையாளம். ரத்தவாயுப் பரிசோதனை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அம்மாவை இன்றே அழைத்துப் போங்கள். இதற்குக் கீழே உள்ளதை வந்து படித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்வரை ஆக்சிஜன் மெஷினைச் சட்டென்று அணைக்காதீர்கள், அது வேறு ஆபத்து. 5-லிருந்து 2-க்கும் பிறகு 1-க்கும் இறக்கி, விரல் கருவியில் 88-க்கும் 92-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை இனி பாதி கூட வேண்டாம். இந்த இரண்டையும் கொடுத்து வந்ததை ஒளிக்காமல் அங்கே சொல்லுங்கள்.

98 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். வெளியே போக வேண்டிய கரியமில வாயு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நெடுநாள் மூச்சடைப்பு உள்ளவருக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், காற்று சரியாகப் போய்வராத பழுதான பகுதிகளுக்கும் ரத்தம் திரும்ப ஓடுகிறது. மூச்சு விடச் சொல்லும் தூண்டுதலும் கொஞ்சம் மந்தமாகிறது. கழிவு வாயு ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் அல்பிரசோலம் வேறு. அது தூங்கவைப்பதோடு நிற்பதில்லை, மூச்சின் ஆழத்தையும் குறைத்துவிடும். ராத்திரி புரளாமல் அமைதியாகக் கிடக்கிறாரே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போகிறாரா? காலையா மாலையா என்று குழம்புகிறாரா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைக்கச் சொல்லுங்கள். நிலையாக வைக்க முடியாமல் கைகள் விட்டு விட்டுத் தொய்ந்து எழுந்தால், ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். பயப்பட வைக்க இதைச் சொல்லவில்லை. நேரத்தோடு போனால், முகமூடி வழியாக மூச்சுக்குத் துணை கொடுக்கும் கருவியால் பலரும் ஓரிரு நாளில் தெளிந்துவிடுகிறார்கள்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்வி. சதைப் பரிசோதனையில் புற்றணு இல்லை. உள்ளே கறுப்புத் திட்டுகள், குழல் சுருக்கம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது புற்றுநோய் இல்லை, புகைக்கரி. வருடக்கணக்காகப் புகை சுவாசித்தவர்களின் மூச்சுக்குழல் சுவரில் கரி படிந்து, தழும்பாகி, குழலை நெரிக்கும். ஸ்கேனில் அது புற்றுநோயைப் போலவே தெரியும். அதனால்தான் அறிக்கையில் அப்படி எழுதுகிறார்கள், எழுத வேண்டியதும்தான். காசநோயும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. சளியைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் மருத்துவர் சொல்லும் தேதியில் ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும். அதுவரை இணையத்தை மூடி வையுங்கள். அங்கே எழுதுகிறவர் யாரும் உங்கள் அம்மாவின் மார்பில் குழல் வைத்துக் கேட்டதில்லை.

‘புகை எதையும் தொட்டதில்லை’ என்கிறீர்கள். எல்லா மருத்துவமனைச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும். புகைப்பழக்கம்: இல்லை. அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. எண்பதைத் தாண்டிய பெண்கள் வந்தால் நான் அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பேன். கல்யாணமாகிப் போன வீட்டில் அடுப்பு என்ன அடுப்பு? என்ன எரித்தீர்கள்? புகைபோக்கி இருந்ததா? கேஸ் எந்த வருடம் வந்தது?

1950-களில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் நாளை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் வெந்நீர் அடுப்பு. பிறகு சமையலறையில் கோடி அடுப்பும் சேர்த்து இரண்டு வாய். ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்திருக்கும். எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். ஊதாங்குழலை வாயில் வைத்து, முகத்தை அடுப்புக்குள் கொடுத்து ஊதி, நிமிர்ந்து, அடுத்த ஊதலுக்காக இழுக்கும் மூச்சு இருக்கிறதே, அதில் புகை நுரையீரலின் அடிவரை போகும். விறகு இல்லாத நாளில் வரட்டி, சோளத்தட்டை, தென்னை மட்டை. அறுப்பு முடிந்தால் நெல் அவிக்கும் பெரிய அடுப்பு. சாயங்காலம் சிம்னி விளக்கு, குழந்தை தலை காய சாம்பிராணி, கொசுவுக்கு வேப்பிலைப் புகை. அழுதால் எட்டி ஆட்ட வசதியாக இருக்கும் என்று தூளியை அடுப்படி உத்தரத்திலேயே கட்டியவர்கள் உண்டு. அப்படி ஒரு தூளியில் நீங்களும் கிடந்திருக்கலாம். படி ஏறும்போது உங்களுக்கும் மூச்சு வாங்கினால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள்.

அம்மா சுவாசித்த அடுப்புப் புகையை அளக்கும் கணக்கு எளிதுதான். அடுப்பின் முன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதை எத்தனை வருடத்தால் பெருக்குவது. ஐந்து மணி, முப்பத்தைந்து வருடம் என்றால் 175. நமக்கு மூச்சு விடத் தகுந்த காற்றில் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகடுப்பு எரியும் மூடிய அறையில் அது நூற்றுக்கணக்கில் போகும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இண்டேன் இணைப்பே 1965-ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அது ஊர்ப்புறத்து வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் அம்மா பாட்டியாகியிருப்பார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இதய மருத்துவர் எஸ். பத்மாவதி தில்லியில் பார்த்த நோயாளிகளைப் பற்றி 1959-லேயே எழுதினார். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கி வந்தவர்களில் புகைபிடிக்காத பெண்கள் அத்தனை பேர் இருந்தார்கள். வீட்டு அடுப்பின் புகையை அவர் அப்போதே சுட்டிக்காட்டினார். உங்கள் அம்மா ஊதாங்குழலும் கையுமாக இருந்த அதே வருடங்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நம் நோயாளிச் சீட்டில் அடுப்புக்கு ஒரு வரி கிடையாது என்பது எனக்கு ஆறாத கோபம்.

கால் வீக்கத்தை நான் ஒதுக்கவில்லை. வலப்பக்க இதயம் களைத்திருக்கிறதா என்று ஒரு எக்கோ பார்க்கச் சொல்லுங்கள். காது இரைச்சலும் பெயர் மறதியும் இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கூன் பாதி வயசு. மீதி அந்த செட் மாத்திரையாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்த்தால் பல நேரம் அதில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இழுப்பை உடனே அடக்கிவிடும், எலும்பைத் தின்றுகொண்டே இருக்கும். பெயர் தெரியாத மாத்திரையை 87 வயது உடம்பில் போட்டுப் பார்க்க யார் உங்களுக்குச் சொன்னது? ஆனால் வருடக்கணக்கில் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மிச்சமிருக்கும் மாத்திரைகளை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

தொடர்ந்து தேவைப்படப்போவது உறிஞ்சும் மருந்து. பலமாக இழுக்கத் தெம்பில்லாதவருக்குப் பொடி இன்ஹேலர் பயன்படாது. ஸ்பேசர் குடுவை வைத்துக் கொடுக்கும் வகையைக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு ஃப்ளூ தடுப்பூசி, அதோடு நிமோனியா தடுப்பூசி. தேதி குறித்துப் போடுங்கள். இவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் ஒரு சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். வீட்டில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் கொல்லைப்புற வெந்நீர் அடுப்பும் இன்னும் இருந்தால் அவை இன்றோடு போகட்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அம்மாவுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுங்கள். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். சுருங்கிய குழல்கள் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற அது உதவும். ‘ஊதாங்குழல் வைத்து ஊதுவாயே அம்மா, அதுபோலத்தான், ஆனால் தணல் பறக்காமல் மெதுவாக’ என்று சொன்னால் அவருக்கு உடனே பிடிபடும். நடக்கும்போதும் குளிக்கும்போதும் மூச்சு முட்டினால் அதையே செய்யட்டும்.

ரத்தவாயு முடிவில் கரியமில வாயுவின் எண் என்ன வந்தது என்று எழுதுங்கள்.