அம்மாவிடம் சொல்லும் முன்

கேள்வி: நானும் கணவரும் ஐ.டி. துறையில் இருக்கிறோம். இரண்டு வருடமாக ‘பாலிஅமோரி’ முறையில் வாழ்கிறோம். அதாவது எல்லோருக்கும் தெரிந்து, எல்லோருடைய சம்மதத்தோடும், ஒருவருக்கு மேற்பட்டவருடன் காதல் உறவு. அவருக்கு ஒரு தோழி, எனக்கு ஒரு நண்பர். இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்ல முடிவு செய்திருக்கிறோம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனம் உடையாமல் எப்படிச் சொல்வது?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். வாழ்கிறோம், விரும்பவில்லை, முடிவு செய்திருக்கிறோம் என்று எல்லாமே ‘நாங்கள்’. தூக்கம் போனது மட்டும் ‘எனக்கு’. அதனால் நேராகவே கேட்கிறேன். இப்படி வாழலாம் என்று முதலில் சொன்னது யார்? அம்மாவிடம் சொல்லலாம் என்றது யார்? கணவர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் தலையாட்டியிருந்தால், பேச வேண்டியது அவரிடம்தான். உங்களுக்கே முழு மனது இல்லாத ஒன்றுக்காக அம்மா முன்னால் நீங்கள் வாதாடக் கூடாது.

இல்லை, இது என் விருப்பமும்தான் என்கிறீர்களா? சரி. அப்படியானால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது. ஆனால் தீபாவளி வேண்டாம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும் நாளில் அம்மாவால் அழக்கூட முடியாது. வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நீங்களும் நிற்க வேண்டும்.

நீங்கள் என்ன சொன்னாலும் அம்மாவின் காதில் முதலில் விழப்போவது ‘சின்ன வீடு’தான். ஆண் இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்வதும், ஊருக்கே தெரிந்தும் மனைவி வாய்மூடி இருப்பதும் அவர் தலைமுறை பார்த்து வளர்ந்த விஷயம். அவருடைய பயம் அங்கிருந்து வருகிறது. “மாப்பிள்ளை உன்னைக் கைவிட்டுட்டாரா?” என்று கேட்பார். உங்களுக்கும் ஒரு நண்பர் இருக்கிறார் என்றால் கேள்வி உங்கள் ஒழுக்கத்தின் மேல் திரும்பும். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும். “என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானும் யாரையும் ஏமாற்றவில்லை” என்பதை உங்கள் வாயால் அழாமல் சொல்ல முடிகிற வரை காத்திருங்கள். முதலில் நம்பிக்கையான ஒரு தோழியிடம் சொல்லிப் பார்க்கலாம். அம்மா அன்றே ஒத்துக்கொண்டால்தான் நிம்மதி என்று நினைத்துப் போனால் உடைந்துதான் திரும்புவீர்கள். அவர் ஒத்துக்கொள்ள வருடங்கள் ஆகலாம். ஒத்துக்கொள்ளாமலே போகவும் கூடும். அதையும் தாங்க முடியும் என்று தோன்றும்போது பேசுங்கள்.

இன்னொன்று. கணவருடைய தோழியின் பெயரும் உங்கள் நண்பரின் பெயரும் உங்கள் சொத்து அல்ல. அவர்களைக் கேட்காமல் சொல்லாதீர்கள். புகைப்படம், வாட்ஸ்அப் செய்தி எதையும் நிரூபிப்பதற்காகக் காட்டவே வேண்டாம்.

உறவினர் யாராவது போலீஸ், கேஸ் என்று மிரட்டினால் நடுங்க வேண்டியதில்லை. இன்னொருவரின் மனைவியோடு ஒரு ஆண் உறவு வைப்பதைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது இன்றும் விவாகரத்து கேட்கக் காரணமாகும். இருக்கும் திருமணத்தை முறிக்காமல் இன்னொரு திருமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. மறைக்க விரும்பவில்லை என்கிறீர்கள்; ஆனாலும் அலுவலகத்தில் சொல்வதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை என்பது என் கருத்து.

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி சேவை, எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மனநல ஆலோசகரிடம் போவதானால், “இந்த உறவை விடச் சொல்லித்தான் ஆரம்பிப்பீர்களா?” என்று முதல் போனிலேயே கேளுங்கள். ஆமாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மனநலச் சிகிச்சை தரும் மருத்துவர்களும் நிபுணர்களும் ரகசியம் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி கடமை; ஆலோசகரிடம் அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் பேசும் நாள் வந்தால் தனியாகப் போங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறீர்கள் என்றுதான் அம்மா நினைப்பார். அன்று இரவே திரும்ப டிக்கெட் போட்டு வையுங்கள். பஸ் ஏறியதும் யாருக்கு போன் செய்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். அந்த ஆள் கணவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.