ஹியூமன் டிசைனில் ‘ஓசை’ வகை என்றால் என்ன சாப்பிடணும்?

“என் சார்ட்டில் உணவு முறை ‘ஓசை’ என்று வந்திருக்கிறது. சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹியூமன் டிசைன்காரர்கள் கணக்கில் நிறையவே சம்பந்தம் உண்டு. 1987இல் ஸ்பெயினின் இபிசா தீவில் ஒரு குரல் வந்து சொல்லியதாக, கனடாவில் பிறந்த ரா உரு ஹு என்பவர் தொடங்கிய, பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் மாதிரி சார்ட் போடும் முறை இது. ஜோதிடம், ஐ சிங் என்ற பழைய சீனக் குறி நூல், கபாலா என்ற யூத மறைஞானம், யோகச் சக்கரங்கள் எல்லாம் ஒரே குண்டானில். நீங்கள் பிறப்பதற்குச் சுமார் 88 நாள் முன்பு சூரியன் நின்ற இடத்தை வைத்து பசி, ருசி, தாகம், தொடுகை, ஓசை, ஒளி என்ற ஆறு உணவு முறைகளில் ஒன்றை உங்களுக்கு ஒதுக்குவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு.

தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் இவர்களுக்கு அக்கறை. பசி வகையில் ஒரு பிரிவினர் ஒவ்வொரு பொருளாகச் சாப்பிட வேண்டும். சோற்றை முடித்துவிட்டுத்தான் பொரியல். (குழம்பு ஊற்றிப் பிசைந்து பழகிய கைக்குக் கஷ்டம்தான்!) உங்கள் ஓசை வகையில் ஒரு பிரிவுக்கு டிவி, பேச்சு என்று சுற்றிலும் சத்தம் வேண்டும், மற்றதற்கு அமைதி.

செய்தியையும் அனுபவத்தையும் மூளை ஜீரணிப்பது இதே பாணியில்தான் என்பார்கள். அதாவது அமைதிப் பிரிவுக்காரர் இரைச்சலில் படித்தால் மண்டையில் ஏறாதாம்.

அறிவியல் ஆதாரம் கிடையாது. டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், நஷ்டமில்லை. சுகர் மாத்திரை போடுகிறவர் என்றால் மட்டும், சார்ட்டை நம்பிச் சாப்பாட்டு முறையை மாற்றும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.