முப்பந்தலும் கூடங்குளமும்

அன்புள்ள ஐயா,

வள்ளியூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். மின்பொறியியல் படிக்கிறேன். அணுமின்சாரத்தைவிடக் காற்றும் வெயிலுமே மேல் என்று எழுதியிருந்தீர்கள். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊர்க் காற்றாலைகள் பாதி நாள் சும்மாதான் நிற்கின்றன. இரவில் வெயிலும் கிடையாது. கூடங்குளம் இரவும் பகலும் ஓடுகிறது, கரியும் கக்குவதில்லை. பிறகு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

காற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் காற்றாலைகள் இருக்கின்றன. அணு உலையால் கரியமில வாயு மிகக் குறைவு என்பதும் உண்மையே.

ஆனால் கூடங்குளமும் இடைவிடாமல் ஓடுவதில்லை. அந்த வகை உலையில் எரிபொருள் மாற்ற உலையையே வாரக்கணக்கில் நிறுத்தியாக வேண்டும். திடீரென்று பழுதானால் 1000 மெகாவாட் ஒரே அடியாகப் போய்விடும். காற்றாலை ஒன்று நின்றால் யாருக்கும் தெரியாது.

என்னை உறுத்துவது எரிந்து முடிந்த எரிபொருள்தான். சோவியத் யூனியனோடு 1988-இல் ஒப்பந்தம் போட்டபோது, அதை அவர்களே எடுத்துப்போவதாக இருந்தது. 1998-இல் அது மாறி, இங்கேயே இருக்கட்டும் என்றாயிற்று. உலையிலிருந்து எடுத்ததைப் பல ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிரவைக்க வேண்டும். பிறகு வைக்க, அந்த வளாகத்திலேயே இன்னொரு கிடங்கு கட்டும் திட்டம் வந்தது. நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்றுவரை இல்லை. அந்த எரிகோல்களில் உள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுக்கு ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு வயதுதான். உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மக்கள் இதைக் கேட்டபோது அவர்களுக்கு அறிவியல் தெரியாது என்றார்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

முப்பந்தலில் பழைய சிறு காற்றாலையைக் கழற்றி, அங்கேயே பெரிதாக ஒன்றை நிறுத்தலாம். வேண்டாம் என்றால் அந்த நிலத்தில் மறுபடி பயிர் வைக்கலாம். நாம் எடுத்த முடிவு தவறென்றால் நம் பிள்ளைகளால் அதை மாற்றிவிட முடியும்.

காலத்தையும் பாருங்கள். கூடங்குளம் முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது 2002-இல். வணிக உற்பத்தி 2014 கடைசியில். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எட்டே மாதங்களில் எழுந்து, 2016-இல் உற்பத்திக்கு வந்தது. பகலில் மட்டும் ஓடுவதால் அதே திறனுள்ள உலை தரும் அளவு அது தராது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். காற்று ஓய்ந்த மாசி, பங்குனியில்தான் அந்தப் பக்கத்து வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

மிச்சமிருப்பது இரவு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழிருக்கும் நீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கிச் சுழலியை ஓட்டும் நிலையம் காடம்பாறையில் 1980-களிலிருந்தே இருக்கிறது. 400 மெகாவாட். அது போதாது, அதைப் போல இன்னும் பல வேண்டும், மின்கலங்களும் வேண்டும். உங்கள் துறை ஆசிரியர் வழியாக அனுமதி கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்