ராவுல் பாட்டைப் போடு!

ஐயா,

'ரசவாதி' எழுதிய பாவ்லோ கொய்லோ அதற்கு முன் ராவுல் செய்ஷாஸ் என்ற ராக் பாடகருக்குப் பாட்டெழுதினார் என்று சொல்லியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன், பிடித்திருந்தது. ஆனால் ராக் அமெரிக்கச் சரக்குதானே, அதை பிரேசிலில் பாடியவரை எப்படி முன்னோடி என்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே,

நியாயமான கேள்வி. வெறும் நகல் என்றால் நானும் அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். (அந்த ஊரில் 'ஹவுல்' என்றுதான் உச்சரிப்பார்கள்.)

1945-ல் பாஹியா மாநிலத்து சால்வடாரில் பிறந்தவர். அக்கம்பக்கத்தில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துப் பிள்ளைகளிடமிருந்து எல்விஸ் இசைத்தட்டுகள் கிடைத்தன. அப்பா ரயில்வே இன்ஜினியர், அவரோடு உள்நாட்டு ஊர்களுக்குப் போகும்போது காதில் விழுந்தது லூயிஸ் கொன்சாகா பாடிய பையாவ்ன், அதாவது அக்கார்டியனும் மேளமும் சேர்ந்த வடகிழக்குப் பிரேசிலின் மண்ணிசை. இதில் ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றவே இல்லை. 1972-ல் ரியோவில் நடந்த பாட்டு விழாவில் அவர் பாடியதைக் கேளுங்கள், 'லெட் மீ சிங்' என்று எல்விஸ் பாணியில் ராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பையாவ்னாகிவிடும், அப்புறம் மறுபடி ராக். நகலெடுப்பவருக்கு இது வராது.

அடுத்த வருடம் 'முட்டாளின் தங்கம்' என்று பொருள்படும் ஒரு பாட்டு. ராணுவ ஆட்சி, நாடே பொருளாதார அதிசயம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த நேரம். பாட்டில் வருபவனுக்கு மாதம் 4,000 குரூசேரோ சம்பளம், 1973 மாடல் கோர்செல் கார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் குரங்குக்குச் சோளப்பொரி போடலாம். சந்தோஷமாக இருக்க வேண்டியவன், ஆனால் இல்லை. அந்தச் சோளப்பொரி வரியில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

1974-ல் கொய்லோவோடு சேர்ந்து எழுதியது 'கீதா'. ஆமாம், நம் பகவத் கீதைதான். கிருஷ்ணன் அர்ஜுனனிடம் தன்னைப் பற்றிச் சொல்வதுபோல 'நான், நான்' என்றே வரிகள் அடுக்கிக்கொண்டு போகும்.

குடி அவரைத் தின்றுவிட்டது. 1989 ஆகஸ்ட் 21-ல் கணையம் கெட்டுப் போய் சாவ் பாவ்லோவில் இறந்தார், 44 வயது. ஆண்டுதோறும் அதே நாளில் அவரைப்போலத் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ரசிகர்கள் அந்த ஊர்த் தெருவில் பாடிக்கொண்டே போகிறார்கள். பிரேசிலில் எந்த பாரில் யார் கிட்டாரோடு உட்கார்ந்தாலும், 'டோக்கா ஹவுல்!' என்று யாராவது கத்துவார்கள். ராவுல் பாட்டைப் போடு என்று அர்த்தம்.

முதலில் கொன்சாகாவைக் கேளுங்கள். பிறகு அந்த 1972 பாட்டுக்குத் திரும்பி வாருங்கள்.