அஸ்காவும் நாட்டுச்சர்க்கரையும்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை நாலு வருஷமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் அப்பாவுக்கு 66 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. போன பொங்கலுக்கு அப்புறம் வீட்டில் அஸ்காவை (வெள்ளைச் சர்க்கரையை) அடியோடு நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டார். காலையில் டீ, பதினொரு மணிக்கு டீ, சாயங்காலம் கருப்பட்டிக் காபி. கேட்டால் "இது மண்ணுல வெளஞ்சது கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்கிறார். யாரோ ஒரு வைத்தியர் பேசும் வீடியோக்களைத் தினமும் எனக்கும் அனுப்புகிறார். இப்போது ராத்திரி மாத்திரையையும் பாதியாக உடைத்துப் போடுகிறார் என்று அம்மா சொன்னார். நான் வாயைத் திறந்தால் "நீ படிச்சதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதி வெச்சது" என்று முடித்துவிடுகிறார். உங்கள் அப்பாரு (தாத்தா) கரும்பாலை வைத்திருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நாட்டுச்சர்க்கரை நல்லதா, கெட்டதா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

(பெயர் வேண்டாம்), பெருந்துறை

அன்புள்ள பெருந்துறை வாசகிக்கு,

முதலில் அவசரமானது. மாத்திரையை உடைத்துப் போடும் விஷயத்தை, அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம். இது பொறுக்காது.

அடுத்தது என் கதை. உங்கள் அப்பா செய்வதை நானும் ஏழெட்டு மாதம் செய்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில், நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடியிலிருந்து அஞ்சு கிலோ நாட்டுச்சர்க்கரை வாங்கிவந்து தூக்குப்போசியில் கொட்டி வைத்துக்கொண்டேன். அஸ்கா போட்ட டீ குடிப்பவர்களை ஒரு மாதிரிப் பார்த்தேன். எனக்கு வீடியோகூடத் தேவைப்படவில்லை, ஆலைக்காரர் பேரன் என்கிற திமிரே போதும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.1-இல் இருந்து 8.4-க்கு ஏறியது. டாக்டர் "என்னங்க சாப்பிடறீங்க?" என்றார். "நாட்டுச்சர்க்கரை மட்டுந்தாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் கவுந்தப்பாடிப் பக்கம்தான் ஊர்.

அந்த மூன்று மாதச் சராசரியை உங்கள் அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் சட்டையைப் பார்த்தாலே அவர் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தாரா, ஒரு மாதமாக வருகிறாரா என்று தெரிந்துவிடும். நம் ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அதிலுள்ள ஹீமோகுளோபின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து லேபை ஏமாற்றும் வித்தை இதில் பலிக்காது. நானும் முயன்றவன்தான்.

இனி ஆலைக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் பாயும் காட்டில் அப்பாருக்கு ஆலை இருந்தது. தை, மாசியில் காய்ச்சுவார்கள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குக் கொப்பரை. அடியில் எரிவது காய்ந்த கரும்புச்சக்கை. சாறு கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்கள். அழுக்கெல்லாம் கறுப்பு நுரையாக மேலே வரும், அதை வழித்து வழித்து எடுப்பார்கள். பாகு கெட்டியாகி "பொளக் பொளக்" என்று கொப்புளம் விடும்போது எங்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, அப்பாரு கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, பாகில் ஒரு கிள்ளு எடுத்து மறுபடி தண்ணீரிலேயே உருட்டுவார். உருண்டை வந்தால் வெல்லத்துக்குப் பதம். நாட்டுச்சர்க்கரை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, தொட்டியில் ஊற்றி, ஆறும்போதே மரப்பலகையால் தேய்த்துத் தேய்த்துத் தூளாக்குவார்கள். அந்தச் சூட்டில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் சுகத்துக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது. இனிமேல் நான் சொல்லப்போவதை அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இத்தனை வேலையிலும் நடப்பது ஒன்றுதான். தண்ணீர் போகிறது, கொஞ்சம் அழுக்குப் போகிறது, இனிப்பு தங்கிவிடுகிறது. சர்க்கரை மில்லிலும் இதே சாறுதான். அங்கே இன்னும் சுத்தப்படுத்தி, படிகமாக்கி, வேகமாகச் சுழலும் எந்திரத்தில் போட்டு, படிகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புப் பாகைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பாகு உள்ளேயே இருப்பது நாட்டுச்சர்க்கரை, வெளியே போனது அஸ்கா. மணம், நிறம், கொஞ்சம் தாது உப்புகள் எல்லாம் அந்தப் பாகோடு இருப்பவை. ஆனால் இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். குடலுக்குப் போனதும் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். போதாததற்கு நாட்டுச்சர்க்கரையில் ஒரு பகுதி ஆலையிலேயே உடைந்துதான் வருகிறது. உங்கள் அப்பாவின் சாயங்காலக் கருப்பட்டியும் இதே கணக்கு, கரும்புக்குப் பதில் பனை.

இரும்புச்சத்து என்பார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு ஸ்பூனில் அரை மில்லிகிராம் கிடைத்தாலே அதிகம். நம் நாட்டுச் சத்துக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. டீயில் கரைத்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. டீயே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பது தனிக் கதை.

எனக்கே இது மனதில் இறங்கியது படித்ததால் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். ஒரு நாள் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, 15 கிராம் அஸ்கா போட்டு ஒரு டம்ளர் டீ. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். 121 ஏறி 168. மறுநாள் அதே டம்ளர், அதே பால், 15 கிராம் நாட்டுச்சர்க்கரை. 118 ஏறி 166. இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆள், இரண்டே நாள், மீட்டரே நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்டும். ஆனால் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லப்பட்ட பொருள் 48 புள்ளி ஏற்றியதை நான் பார்த்துவிட்டேன். தராசு இன்னொன்றையும் காட்டியது. எனக்கு வேண்டிய இனிப்பு வர அஸ்கா இரண்டு ஸ்பூன் போதும். நாட்டுச்சர்க்கரைக்கு மூன்று குவித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்லது என்று நினைத்துவிட்டால் கை தாராளமாகிவிடுகிறது. 8.4-க்குப் பாதிக் காரணம் அந்த மூன்றாவது ஸ்பூன் என்று நினைக்கிறேன்.

"மண்ணுல வெளஞ்சது" என்கிறாரே, அதற்கு வருகிறேன். அஸ்கா மட்டும் எங்கே விளைந்ததாம்? அந்தப் பெயரே ஓர் ஊரின் பெயர். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில், அன்றைக்கு அது சென்னை மாகாணம், அஸ்கா என்ற ஊரில் இருந்த சர்க்கரை ஆலையின் சரக்கு நம் கடைகளுக்கு வந்து, ஊர்ப் பெயரே சர்க்கரைக்குப் பெயராகிவிட்டது.

நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டுத்தக்காளி வரிசையில் வைத்து நாட்டுச்சர்க்கரையையும் ஆதியிலிருந்து இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். காய்ச்சும் முறை பழையதுதான். ஆனால் கொப்பரைக்கு வரும் கரும்பு எது? காட்டில் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் "எண்பத்தாறு முப்பத்திரெண்டு" என்பார்கள். கோ 86032. அந்தக் 'கோ' கோயம்புத்தூர். 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் வீரகேரளத்தில் இன்றைக்கும் நடக்கிறது. பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி.எஸ். வெங்கட்ராமன் என்ற நம் ஆளும் சேர்ந்து, தின்னும் நல்ல கரும்பை நாணல் மாதிரி வளரும் காட்டுக்கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-இல் கோ 205 வெளிவந்தது. வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கிய கரும்பு அது. இந்தியக் கரும்பின் கதை அதோடு மாறியது. பிற்பாடு தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்கே உட்கார்ந்து கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார், கரும்பைச் சோளம் முதலான மற்றப் புல்லினங்களோடு சேர்த்துப் பார்த்தார். இதையெல்லாம் சொன்னால் உங்கள் அப்பா கோபப்பட மாட்டார் என்றே நினைக்கிறேன். நம் ஊர்ப் பெருமைதானே. இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் ஔவையார், அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார். அதியமான் ஆண்ட தகடூர் என்றால் இன்றைய தருமபுரி, நமக்கு எட்டும் தூரம்தான். அப்போதே அது வெளியிலிருந்து வந்த பயிர்.

"வெள்ளைக்காரன் எழுதி வெச்சது" என்பதற்கும் பதில் இருக்கிறது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் கணக்குச் சொன்ன ஆய்வை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐ.சி.எம்.ஆர்) சேர்ந்து சென்னையில் உட்கார்ந்துதான் நடத்தினார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவர்கள் நம் ஆட்கள்.

அந்த வீடியோ வைத்தியர் அடுத்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "தாத்தா காலத்துல சுகர் இருந்துச்சா?" பின்னால் ஒரு மாட்டுவண்டி நிற்கும், புல்லாங்குழல் கேட்கும். மதுமேகம், நீரிழிவு என்று நம் சித்த மருத்துவமே பெயர் வைத்திருக்கும் நோய் இது. இல்லாத நோய்க்கு யார் பெயர் வைப்பார்கள்? அது போகட்டும், என் அப்பாரு கதையைச் சொல்கிறேன். ஆலை வைத்திருந்தவர் வீட்டில் நாட்டுச்சர்க்கரை தினமும் புழங்கவில்லை. அது மண்டிக்குப் போய்ப் பணமாக வேண்டியது. வீட்டில் ராகிக் களியும் கம்பஞ்சோறும்தான். ஒப்பிட்டு, கச்சாயம் மாதிரி இனிப்பெல்லாம் நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு. அவரே விடியக்காலை நாலு மணிக்கு மடை திருப்பப் போனால் பொழுது சாயத்தான் உட்காருவார். "அப்பாருக்குச் சுகரே இல்லை" என்று நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் கால் பெருவிரலில் கரும்புத் தோகை கிழித்த புண் ஒன்று ஆறவே இல்லை. பச்சிலை வைத்துக் கட்டினார்கள், கால் கறுத்துக்கொண்டே போனது. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பார், சொம்பு சத்தம் கேட்கும். யாரும் ஒரு தடவைகூடப் பரிசோதிக்கவில்லை. என் காகிதத்தில் 8.4 என்று பார்த்த அன்றைக்குத்தான் அந்தச் சொம்பு சத்தம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

நாட்டுச்சர்க்கரை கெட்டதா என்று கேட்டீர்கள். சர்க்கரை நோய் இல்லாதவர் அளவாகச் சாப்பிட்டால் என்ன கேடு? ருசிக்குச் சாப்பிடட்டும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது. வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள். அந்த நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போடுகிறார்கள். நாம் அழகாகக் கேட்கிறோம், அவர்களும் அழகாக்கித் தருகிறார்கள். அப்புறம் ஒரு கூத்து: அஸ்காவையே கொப்பரையில் கலந்து காய்ச்சும் ஆலைகளை ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் உணவுப் பாதுகாப்புத் துறை பல தடவை பிடித்திருக்கிறது. அஸ்காவுக்குப் பயந்து ஓடியவர் கூடுதல் காசு கொடுத்து அதையே வாங்கிவரவும் கூடும். இதில் அரசியலும் உண்டு. 2022 பொங்கல் தொகுப்பில் வந்த வெல்லம் உருகி ஒழுகுகிறது என்று எழுந்த சத்தத்தில், அடுத்த வருஷம் வெல்லம் போய் அஸ்கா வந்தது.

அப்பாவிடம் வாதம் பண்ண வேண்டாம். வாதத்தில் மகளிடம் தோற்கிற அப்பா நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒரு மீட்டரும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். "நீங்களே பாருங்கப்பா, அஸ்காவுக்கு ஒரு நாள், நாட்டுச்சர்க்கரைக்கு ஒரு நாள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எண்ணை அவரே நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் நின்று "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதினொரு மணி டீயைச் சர்க்கரை இல்லாமல் குடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் கஷாயம், அப்புறம் பழகிவிட்டது.

நான் இன்றைக்கும் நாட்டுச்சர்க்கரை வாங்குகிறேன். மாதம் ஒரு தடவை, சந்தகைக்கு (நம் பக்கத்து இடியாப்பம்) தேங்காய்ப்பூவோடு தூவிக்கொள்ள மட்டும். அன்றைக்கு அஞ்சு கிலோ வாங்கிய ஆள் இப்போது கால் கிலோதான் வாங்குகிறேன். அது தீர்வதற்குள் கட்டி பிடித்துவிடுகிறது, அம்மிக்குழவியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.